வாசலில் நின்ற பிள்ளை

(மாலை நேரப் பிள்ளைகள் மையங்களில் உதவ முன்வந்த பெண்களுக்காகப் பெங்களூரில் ஒரு கூட்டம் நடந்தது. அதில் எழுத்தறிவுத் தொண்டர் ஒருவர் பேசிய பேச்சு இது.)



உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். இரவு ஏழு மணி வகுப்பில் உங்களோடு உட்கார்ந்தவள் நான். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. உயர்நிலைப் பள்ளி வரைதான் படித்தேன். குழந்தைகளைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறு எனக்குச் சில விஷயங்களைக் கற்றுக் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் சொல்லப் போகும் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் நம் தெருப் பிள்ளைகள். நாளை வளர்ந்து பெரியவர்கள் ஆவார்கள். அவர்கள் கதை அவர்களுக்குச் சொந்தம்.

நான்கு மணி முதல் ஏழு மணி வரை

நம் மையம் எப்படித் தொடங்கியது? நீங்கள் எழுத்துக் கற்க வந்தீர்கள். கூடவே பிள்ளைகளும் வந்தார்கள். பாயில் பின்னால் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அப்போது ஒரு அக்கா சொன்னார்: “ஏழு மணிக்கு மேல் என் பிள்ளை என் கண் முன்னால் இருக்கிறது. நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.”

அன்று எல்லோரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

நம் ஊரில் பல ஆயிரம் பெண்கள் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறார்கள். பொம்மனஹள்ளி, பீன்யா, மைசூர் சாலை என்று எங்கே பார்த்தாலும் தையல் ஆலைகள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் அதிகம். பூக்கட்டும் பெண்களும் குப்பை பிரிக்கும் பெண்களும் உண்டு. பள்ளி நான்கு மணிக்கு விடுகிறது. அம்மாவின் வேலை நான்கு மணிக்கு முடிவதில்லை.

சின்னக் குழந்தைக்குச் சட்டம் ஒரு வழி சொல்கிறது. ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான். 2020ஆம் ஆண்டில் வந்த தொகுப்புச் சட்டமும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறது. அங்கன்வாடியும் ஆறு வயது வரைதான். ஆறு வயது முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை பெரிய மனுஷி ஆகிவிடுகிறதா? இல்லை. அதற்கும் பசி உண்டு. பயம் உண்டு. அதற்கு ஒரு பெரியவர் வேண்டும்.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்த கஷ்டம்தான். இத்தாலி நாட்டில் ரோம் நகரம் இருக்கிறது. அங்கே சான் லொரென்ஸோ என்பது ஏழைகள் வாழ்ந்த பகுதி. பெரிய குடியிருப்புக் கட்டிடங்கள். அம்மா அப்பா வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் ஓடுவார்கள். சுவரைக் கிறுக்குவார்கள். கட்டிடக்காரர்கள் யோசித்தார்கள். சுவரை மறுபடி மறுபடி சரிசெய்வதைவிடப் பிள்ளைகளுக்கு ஒரு அறை கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மரியா மாண்டிசோரி என்ற பெண் டாக்டரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1907 ஜனவரி 6 அன்று அந்த அறை திறந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் அமர்த்தியது ஆசிரியர் பயிற்சி பெறாத ஒரு இளம்பெண்ணைத்தான்.

அந்த மாண்டிசோரி அம்மா 1939இல் நம் சென்னை அடையாற்றுக்கும் வந்தார். போர்க் காலம் முழுவதும் இந்தியாவில் இருந்தார். கொடைக்கானலிலும் சில காலம் தங்கினார். இன்று ஊருக்கு ஊர் ‘மாண்டிசோரி பள்ளி’ என்று போர்டு தொங்குகிறது. காசு உள்ளவர்களின் பள்ளி என்று நினைக்கிறோம். அது தொடங்கியது நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்காக.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. கொரோனாவில் பள்ளி மூடியதால் பிள்ளைகள் படிப்பை மறந்திருந்தார்கள். மாலையில் தெருவிலேயே வகுப்பு நடந்தது. நடத்தியவர்கள் அந்தந்தத் தெருத் தன்னார்வலர்கள். பெரும்பாலும் பெண்கள். ஆகவே நம்மால் முடியாது என்று நினைக்க வேண்டாம்.

என் தவறு

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

மையம் தொடங்கிய முதல் வாரம். ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று வந்தது. உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. “வா பாப்பா” என்றேன். வரவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே.

எனக்குக் கோபம் வந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் பாடுகிறார்கள். இது மட்டும் ஏன் நிற்கிறது? அன்று பெரியவர்கள் சிலர் மையத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். என் மையம் நன்றாக நடக்கிறது என்று காட்ட ஆசைப்பட்டேன். போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தேன். வட்டத்தின் நடுவில் நிறுத்தினேன். “பாடு” என்றேன். அது தலையைக் குனிந்துகொண்டது. “வாயில் கொழுக்கட்டையா?” என்று கேட்டேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பிள்ளை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டது.

மறுநாள் அது வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அதன் அம்மாவும் ஏழு மணி வகுப்புக்கு வரவில்லை. அந்த அக்கா கார்மெண்ட்ஸில் வேலை செய்பவர். தன் பெயரை எழுதக் கற்றிருந்தார். மகளின் பெயரை எழுத ஆசைப்பட்டார். பாதிப் பெயர் வரை வந்திருந்தார். அதோடு நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாலை ஐந்து மணி இருக்கும். கதவு வெளியே பூட்டியிருந்தது. திரும்ப நினைத்தேன். உள்ளே ஏதோ பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளை உள்ளே இருந்தது. தனியாக இருந்தது. விளக்குக்கூடப் போடவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார்: “சாவி என்கிட்டேதான் இருக்கு. ஸ்கூல் விட்டு வந்ததும் உள்ளே விட்டுப் பூட்டிடுவேன். அவ அம்மா வந்து திறப்பா. வேற என்ன செய்யறது?”

ஒற்றை அறை. உள்ளே கேஸ் அடுப்பு. வெளியே பூட்டு. ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பூட்டைப் போட்டவள் பாட்டி இல்லை, நான்தான் என்று தோன்றியது.

ஏழு மணிக்கு மேல் அந்த அக்கா வந்தார். என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். “தப்பா நினைக்காதீங்க டீச்சர். அது அப்படித்தான். என் வளர்ப்பு சரியில்லை” என்று அழுதார்.

தவறு செய்தது நான். மன்னிப்புக் கேட்டது அவர்.

வளர்ப்பா, சுபாவமா?

அந்த அக்கா சொன்னதைத்தான் ஊரே சொல்கிறது. பிள்ளை அழுதால் அம்மா வளர்ப்பு சரியில்லை. பிள்ளை ஓடினால் அம்மா வளர்ப்பு சரியில்லை. பிள்ளை பேசாவிட்டாலும் அம்மா வளர்ப்பு சரியில்லை. முன்பு பெரிய டாக்டர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்று பெயர். இருவரும் மனநல டாக்டர்கள். இருவருக்கும் ஒரு சந்தேகம். ஒரே அம்மா வளர்க்கும் இரண்டு பிள்ளைகள் ஏன் இரண்டு விதமாக இருக்கிறார்கள்? 1956இல் ஆராயத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆகும் வரை விடாமல் கவனித்தார்கள்.

அவர்கள் கண்டது இது. குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே அதற்கென்று ஒரு போக்கு தெரிகிறது. அதைத்தான் நாம் சுபாவம் என்கிறோம். அதை அம்மா கற்றுக் கொடுக்கவில்லை. குழந்தை அதோடுதான் வருகிறது.

அவர்கள் பார்த்த குழந்தைகளை நூறு என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 40 குழந்தைகள் எளிதில் பழகினார்கள். நேரத்துக்குத் தூங்கினார்கள். புது ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏறக்குறைய 15 குழந்தைகள் மெல்லப் பழகினார்கள். புது இடத்தில் ஒதுங்கி நின்றார்கள். நாள் ஆக ஆகச் சரியானார்கள். ஏறக்குறைய 10 குழந்தைகள் எதற்கும் பலமாக அழுதார்கள். எந்த மாற்றத்தையும் எளிதில் ஏற்கவில்லை. மீதி 35 குழந்தைகள் எல்லாம் கலந்தவர்கள்.

என் வாசலில் நின்ற பிள்ளை மெல்லப் பழகும் பிள்ளை. அதற்கு நோய் இல்லை. திமிர் இல்லை. அதற்குக் கொஞ்சம் நாள் வேண்டும். அவ்வளவுதான். நான் அந்த நாளைக் கொடுக்கவில்லை.

எது நல்ல சுபாவம்?

எளிதில் பழகும் பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று நினைக்கிறோமா? இதையும் கேளுங்கள். 1974இல் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் கடும் வறட்சி. மாடு மேய்க்கும் மசாய் மக்கள் பஞ்சத்தில் தவித்தார்கள். மார்டன் டெ வ்ரீஸ் என்ற டாக்டர் அங்கே சில கைக்குழந்தைகளின் சுபாவத்தைக் குறித்து வைத்திருந்தார். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தார். சாதுவான குழந்தைகளில் பலர் இறந்திருந்தார்கள். ஓயாமல் அழுத குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்திருந்தார்கள். அவர் பார்த்த குழந்தைகள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் நமக்குப் புரிகிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே!

எந்தச் சுபாவமும் முழுக்க நல்லதும் இல்லை. முழுக்கக் கெட்டதும் இல்லை. பிள்ளையின் சுபாவமும் நாம் அதை நடத்தும் விதமும் பொருந்த வேண்டும். அந்த டாக்டர் தம்பதி சொன்ன முக்கியமான விஷயம் இதுதான். பொருந்தினால் பிள்ளை தழைக்கும். பொருந்தாவிட்டால் வாடும்.

நம் ஊர் பஸ்ஸில் ஒரு வார்த்தை கேட்போம். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.” மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்காரும்போது சொல்வது. மையத்திலும் அதே வார்த்தைதான். யார் முதலில் நகர்ந்து உட்கார வேண்டும்? பெரியவர்களாகிய நாம்தான்.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு பிள்ளை மையத்துக்கு வந்தால் முதல் இரண்டு வாரம் பாருங்கள். இந்த ஐந்து கேள்விகளை மனதில் வையுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஒன்று. உடம்பு ஓட்டம். பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கிறதா? ஒரே இடத்தில் உட்கார்ந்து விளையாடுகிறதா?

இரண்டு. புதியது. புது ஆள், புது விளையாட்டு, புதுத் தின்பண்டம் வந்தால் முன்னால் வருகிறதா? பின்னால் போகிறதா?

மூன்று. மாற்றம். விளையாட்டை நிறுத்திப் புத்தகம் எடு என்றால் உடனே எடுக்கிறதா? அழுது அடம் பிடிக்கிறதா?

நான்கு. வேகம். சந்தோஷமும் கோபமும் மெல்ல வருகிறதா? ஊரைக் கூட்டுகிற மாதிரி வருகிறதா? சத்தம், கூட்டம், வெளிச்சம் இவற்றைத் தாங்குகிறதா?

ஐந்து. விடாப்பிடி. ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்கும் வரை இருக்கிறதா? பாதியில் வேறு பக்கம் திரும்புகிறதா?

இந்தக் கேள்விகளுக்குச் சரி, தப்பு என்று பதில் கிடையாது. பிள்ளையைத் தெரிந்துகொள்ளத்தான் இவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு வரும் பிள்ளையின் சுபாவத்தை நான்கு மணிக்கே முடிவு செய்யாதீர்கள். மத்தியானம் பள்ளியில் சாப்பிட்டது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. நாள் முழுக்க வாயைக் கட்டி, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தது. பசியும் களைப்பும் சேர்ந்தால் தங்கமான பிள்ளையும் தகராறு செய்யும். நாம் மட்டும் என்ன? ஓவர்டைம் முடிந்து வந்த அன்று யாராவது ஒரு வார்த்தை பேசினால் எரிந்து விழுகிறோமே!

அதனால் எங்கள் மையத்தில் இப்போது முதல் வேலை கைகால் கழுவுவது. இரண்டாவது, ஒரு பிடி சுண்டலோ வேர்க்கடலையோ சாப்பிடுவது. மூன்றாவது, கால் மணி நேரம் ஓடுவது. நான்காவதுதான் வீட்டுப்பாடம். இந்த வரிசையை மாற்ற மாட்டோம். அடுத்து என்ன என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பயம் குறைகிறது.

ஓடும் பிள்ளை

எங்கள் மையத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். உட்கார மாட்டான். பக்கத்துப் பிள்ளையைத் தள்ளுவான். நான் அவனைக் கை கட்டி மூலையில் உட்கார வைத்தேன். பத்து நிமிடம் கட்டிப் போட்டால் அடுத்த பத்து நிமிடம் இரண்டு பங்கு குதிப்பான்.

பிறகு மாற்றினேன். பாய் விரிப்பது அவன் வேலை. குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது அவன் வேலை. வாய்ப்பாட்டை நின்றுகொண்டே சொல்லலாம். ஐந்து கணக்குப் போட்டால் ஒரு முறை வாசல் வரை போய் வரலாம். விளையாட்டை நிறுத்தும் முன், “இன்னும் ஐந்து நிமிடம்தான்” என்று முன்கூட்டியே சொன்னேன். திடீர் என்று நிறுத்தியதால்தான் அவன் பாதிச் சண்டை போட்டிருக்கிறான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அடிப்பது சுபாவம் இல்லை. ஓடுவது அவன் சுபாவம். அடிப்பது தவறு. “நீ ஓடலாம். நின்று படிக்கலாம். யாரையும் அடிக்கக் கூடாது” என்று தெளிவாகச் சொன்னேன். அடித்தால் அன்று தண்ணீர்க் குடம் வேறு ஒருவருக்குப் போகும். அது அவனுக்குப் பெரிய தண்டனை. சுபாவத்தைப் புரிந்துகொள்வது என்றால் எதற்கும் சரி சொல்வது இல்லை.

நாமும் அடிக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிப்பதைத் தடுக்கிறது. மனம் நோகப் பேசுவதையும் தடுக்கிறது. “வாயில் கொழுக்கட்டையா” என்று நான் கேட்டேனே, அதுவும் மனம் நோகப் பேசுவதுதான். பள்ளிக்கு உள்ள விதி நம் மையத்துக்கும் இருக்கட்டும்.

தொல்லை தராத பிள்ளை

இன்னொரு பிள்ளை. எட்டு வயதுப் பெண். சொன்ன இடத்தில் உட்காருவாள். கொடுத்ததைச் சாப்பிடுவாள். ஒரு நாளும் அழுததில்லை. “தங்கம்” என்று புகழ்வேன். புகழ்ந்துவிட்டு ஓடும் பையன் பின்னால் போய்விடுவேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். புத்தகத்தை மூக்கின் மேல் வைத்துப் படித்தாள். கரும்பலகையில் எழுதியதைப் படிக்கச் சொன்னேன். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தாள். அவளுக்குக் கரும்பலகை தெரியவே இல்லை. மிண்டோ கண் ஆஸ்பத்திரிக்கு அவள் அம்மா கூட்டிப் போனார். கண்ணாடி போட்டார்கள். கண்ணாடி போட்ட அன்று அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “அக்கா, மரத்துல இலை தனித்தனியா தெரியுது.”

நான்கு மாதம் அவள் என் கண் முன்னால் இருந்தாள். தொல்லை தராத பிள்ளையை நாம் மறந்துவிடுகிறோம். ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். தினமும் இரண்டு பிள்ளைகள். ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். முறை வைத்துப் பேசினால் யாரும் விட்டுப் போக மாட்டார்கள்.

எது சுபாவம் இல்லை?

இந்தப் பகுதி மிகவும் முக்கியம். கவனமாகக் கேளுங்கள்.

சுபாவம் என்பது முதலிலிருந்தே இருப்பது. நேற்று வரை சிரித்த பிள்ளை இன்று பேசாமல் இருந்தால் அது சுபாவம் இல்லை. ஏதோ நடந்திருக்கிறது. காய்ச்சலாக இருக்கலாம். பசியாக இருக்கலாம். வீட்டில் சண்டையாக இருக்கலாம். யாராவது அடித்திருக்கலாம். தொடக் கூடாத இடத்தில் தொட்டிருக்கலாம். ‘அது அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. தனியாக உட்கார்ந்து மெல்லக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098க்குப் போன் செய்யுங்கள். இது பிள்ளைகளுக்கான உதவி எண். காசு இல்லை.

காது கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது. அது பிடிவாதம் இல்லை.

மொழி தெரியாத பிள்ளையும் பேசாது. நம் ஊரில் இது அதிகம். வீட்டில் தமிழ். பள்ளியில் கன்னடம். தெருவில் தெலுங்கு, உருது, இந்தி. வடக்கிலிருந்து கட்டிட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் நம்மிடம் வருகிறார்கள். அந்தப் பிள்ளை வீட்டில் வாய் ஓயாமல் பேசும். நம்மிடம் ஊமை மாதிரி இருக்கும். அதன் மொழியில் இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டு பேசிப் பாருங்கள். முகம் மலரும்.

ஒரு பிள்ளையை நினைத்து மாதக்கணக்கில் கவலைப்பட்டால் தனியாகச் சுமக்க வேண்டாம். நம் ஊரில் ஓசூர் சாலையில் நிமான்ஸ் இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள். அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று பயப்படுகிறோம். அங்கே குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்ற போன் சேவையும் வந்தது. எண் 14416. தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.

பட்டப்பெயர் வேண்டாம்

சுபாவத்தைத் தெரிந்துகொண்டதும் நமக்கு ஒரு கெட்ட ஆசை வரும். பெயர் வைக்கும் ஆசை. ‘இது ஊமை’, ‘இது வாலு’, ‘இது அழுமூஞ்சி’. பிள்ளை அதைக் கேட்கிறது. நம்பிவிடுகிறது. அப்படியே ஆகிவிடுகிறது. நான் சொன்ன ஐந்து கேள்விகள் நம் நோட்டில் இருக்கட்டும். நம் வாயில் வர வேண்டாம்.

அம்மா பிள்ளையைக் கூட்டிப் போக வரும்போதும் கவனம் வேண்டும். நாள் முழுக்க நின்று தைத்தோ, பாத்திரம் தேய்த்தோ வருகிறார். வாசலிலேயே “உங்கள் பிள்ளை இன்று என்ன செய்தது தெரியுமா?” என்று தொடங்காதீர்கள். முதலில் அன்று நடந்த ஒரு நல்லதைச் சொல்லுங்கள். கஷ்டமானதைத் தனியாகச் சொல்லுங்கள். “வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி அவருக்குத்தான் நம்மைவிட அதிகம் தெரியும்.

வாசலில் ஒரு ஸ்டூல்

அந்த வாசல் பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

நான் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் சொன்னேன்: “அக்கா அன்றைக்குச் செய்தது தப்பு. இனி உன்னை இழுக்க மாட்டேன். நீ வாசலிலேயே நிற்கலாம்.” அது பதில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. வாசலில் நின்றது.

நான் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகளிடமும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். சுண்டலை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். நான்காம் நாள் ஸ்டூலில் உட்கார்ந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தது. பிறகு ஒரு நாள் ஸ்டூலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டது. எனக்குக் கை தட்ட ஆசை. அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் சிலேட்டுகளை அதன் பக்கத்தில் வைத்து, “இதைக் கொடுத்து உதவுகிறாயா?” என்று மட்டும் கேட்டேன். எழுந்து கொடுத்தது. யாருடைய சிலேட்டு எது என்று அதற்கு ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது. வாசலில் நின்ற அத்தனை நாளும் அது எங்களைப் படித்துக்கொண்டிருந்தது.

இன்றும் அது எல்லோர் முன்னாலும் பாடாது. பாட வேண்டாம். புதிதாக ஒரு பிள்ளை வந்து வாசலில் நின்றால், இப்போது நான் போவதில்லை. அதுதான் போகிறது. ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நிற்கிறது.

அந்த வீட்டில் இப்போது பகலில் வெளிப் பூட்டு இல்லை. அம்மாவும் ஏழு மணி வகுப்புக்குத் திரும்பி வந்தார். பாதியில் விட்ட பெயரை ஒரு நாள் முழுதாக எழுதினார். எழுதி மகளிடம் காட்டினார். மகள் பார்த்தது. ஒரு எழுத்தில் புள்ளி விட்டுப் போயிருந்தது. பல்பத்தை வாங்கி அந்தப் புள்ளியை வைத்தது.

அக்காமார்களே, நாளை முதல் உங்கள் மையத்திலும் ஒரு பிள்ளை வாசலில் நிற்கும். ஒரு பிள்ளை ஓடும். ஒரு பிள்ளை தொல்லையே தராது. இழுக்காதீர்கள். கட்டிப் போடாதீர்கள். மறந்துவிடாதீர்கள்.

வாசலில் ஒரு ஸ்டூல் போடுங்கள்.

சேர்ந்து பேசுவோம்

1. வாசலில் நின்ற பிள்ளையை இழுத்தது ஏன் தவறு? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

2. உங்கள் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இரண்டு விதச் சுபாவம் உண்டா? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

3. நீங்கள் சிறுவயதில் எப்படிப்பட்ட பிள்ளை? உங்களுக்கு யாராவது பட்டப்பெயர் வைத்தார்களா? அப்போது மனம் எப்படி இருந்தது?

4. உங்கள் தெருவில் நான்கு மணி முதல் ஏழு மணி வரை தனியாக இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? எண்ணி எழுதுங்கள்.

5. இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்: 1098, 14416.